ஓசி அரிசி

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. ‘அடுத்த வண்டி வர அரை மணி ஆகுமுங்க’ என்று கண்டக்டர் கையை விரித்துவிட்டார். மாசி மாத வெயில். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை. அந்தப் பக்கம் ரேஷன் கடை. வாசலில் பத்துப் பதினைந்து பேர் வரிசை. பின்னால் குச்சிக்கிழங்குக் காடு. அதற்கும் பின்னால், ரயில் பெட்டிகளைக் கோத்து நிறுத்தியது மாதிரி நீள நீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். அந்தக் கிழங்குக் காடு அவருடையதுதானாம். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு எதிரே இருந்த வரிசையில் வந்து நின்றது.

“பாருங்க சார், பொழுது விடிஞ்சு எத்தனை நேரமாச்சு, எத்தனை பேரு நிக்கறாங்கன்னு. கெழங்கு புடுங்க ஆள் தேடி மூணு நாளா அலையறேன். ஒருத்தரும் வரல. ஓசி அரிசி கெடைக்குது, அப்புறம் யாரு சார் காட்டுல எறங்குவா? கவர்மென்ட்டே ஜனங்களச் சோம்பேறி ஆக்கிப்புடுச்சு.”

டீக்கடைக்காரர் ‘ஆமாங்க’ என்றார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையை ஆட்டினார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் ஆட்டினேன்.

நீங்களும் ஆட்டியிருப்பீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மா சொல்லாமல் நின்றுவிட்ட அன்றைக்கோ, கொத்தனார் சொன்ன தேதிக்கு வராத அன்றைக்கோ, இதே வசனத்தை நீங்களும் பேசியிருப்பீர்கள். ரொம்ப வசதியான வசனம். ஒரே மூச்சில் அரசாங்கத்தையும் திட்டலாம், ஏழையையும் திட்டலாம். நம்மைப் பற்றி மட்டும் எதுவும் யோசிக்க வேண்டியதில்லை.

வரிசையில் அரிசி வாங்கிக்கொண்டு ஒரு பாட்டி டீக்கடைப் பக்கம் வந்தார். பையை பெஞ்சுக் காலில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார். பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். விவசாயிக்குத் தெரிந்தவர்தான் போல.

“ஏஞ்சாமி, பன்னெண்டு கிலோ அரிசிய வாங்கிப் போட்டுட்டு மாசம் பூரா கால நீட்டிக்கிட்டா கெடக்கறோம்? வெங்காயம் ஓசியா? எண்ணெய் ஓசியா? சோப்பு ஓசியா?”

விவசாயி சிரித்தார். பாட்டி விடவில்லை.

“அந்தக் காலத்துல காடு வெச்சிருக்கறவுங்க குடுத்ததுதான் கூலி. ஒரு படி ராகின்னா ஒரு படி ராகி. கொறைச்சுக் குடுத்தாலும் வாயத் தொறக்காம வாங்கிட்டு வரோணும். ராத்திரிக்கு ஊட்டுல அடுப்பு எரியோணுமே! இப்பத்திப் புள்ளைங்க, இவ்வளவு குடுத்தா வரேன்னு சொல்லுதுங்க. அதுக்குப் பேரு சோம்பேறித்தனமுங்களா சாமி?”

யாரும் பதில் சொல்லவில்லை. நான் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டி போட்ட அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் உங்கள் முன்னால் வைக்கிறேன். ஒரு மனிதனுக்குச் சோறு என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதா? இல்லை, அவன் தலை நிமிர்ந்து கேட்டு வாங்குவதா? அரசாங்கம் தரும் அரிசி தர்மமா, பட்ட கடனா?

பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். இதே மண்ணில், ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போனால் போதும்.

•

தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை தென்னிந்தியாவையே உலுக்கிய பஞ்சம். மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று சேலம். இன்றைய நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் அப்போது சேலம் ஜில்லாவுக்குள்தான் இருந்தன. 1871-ல் எடுத்த ஜனக் கணக்கில் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம். பத்து வருஷம் கழித்து, 1881-ல், சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் கூட வேண்டிய தொகை குறைந்திருக்கிறது. செத்தவர்களும் உண்டு, ஊரைவிட்டு ஓடிப்போனவர்களும் உண்டு, பிறக்காமலே போன குழந்தைகளும் உண்டு. தென்னாடு முழுக்கச் சேர்த்து 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

‘அந்தக் காலத்தில் என்ன செய்ய முடியும்? மழை இல்லை, விளைச்சல் இல்லை’ என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விஷயம் வேறு.

1860-களின் தொடக்கத்திலேயே சேலத்துக்கு ரயில் வந்துவிட்டது. பஞ்ச காலத்தில் வங்காளத்திலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்த அரிசி, ரயிலேறி உள்நாட்டுக்கும் வந்தது. மூட்டைகள் இறங்கின. வியாபாரம் நடந்தது. ஆனால் வாங்குவதற்கு ஜனங்களின் கையில் காசு இல்லை. பயிர் கருகினால் கூலி வேலை போச்சு. கூலிக்காரன் கையில் காசு இல்லாவிட்டால் நெசவாளியின் துணி விற்காது. துணி விற்காவிட்டால் அவன் வீட்டிலும் உலை கொதிக்காது. தானியத்தின் விலையோ நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதை வாங்க அங்கே காசு இருந்தது!

பஞ்சம் என்றால் தானியமே இல்லாமல் போவது என்றுதான் நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய புத்தகத்தில் அந்த நினைப்பை உடைத்தார். ஊரில் தானியம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை எடுத்துச் சாப்பிட இந்த மனிதனுக்கு வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பட்டினிச் சாவு பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான் நடக்கிறது.

அப்போதைய அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட அனுப்பப்பட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி ஜனங்களைக் காப்பாற்றியவர் இதே டெம்பிள்தான். அதற்காக அவருக்குப் பாராட்டு கிடைத்திருக்க வேண்டும் இல்லையா? கிடைத்தது கண்டனம்! சர்க்கார் பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று. அந்தக் கெட்ட பேரைக் கழுவத்தான் தெற்கே வந்தார்.

வந்ததும் நிவாரண வேலைக்குக் கூலியைக் குறைத்தார். வெயிலில் கல்லுடைத்து மண் சுமக்கும் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர் கார்னிஷ், ஜெயில் கைதிக்கே இதைவிட அதிகம் போடுகிறோமே என்று எதிர்த்தார். சில மாதம் கழித்துத்தான் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். திடகாத்திரமானவர்கள் வேலை கேட்டால் பத்து மைலுக்கு அப்பால்தான் தர வேண்டும் என்றும் ஒரு ஏற்பாடு. நிஜமாகவே பசிக்கிறதா, நடிக்கிறானா என்று கண்டுபிடிக்க வேண்டாமா? நடந்து வந்தால் நிஜப் பசி!

ஏன் இத்தனை சோதனை? சும்மா சோறு போட்டால் ஜனங்கள் கெட்டுப்போய்விடுவார்கள், உழைக்க மாட்டார்கள் என்ற பயம். 1880-ல் அறிக்கை கொடுத்த பஞ்ச கமிஷன் இன்னும் தெளிவாகச் சொன்னது. அதன் சாரம் இது: பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு நிவாரணம் கேட்கும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டால், அப்புறம் எல்லாக் காலத்திலும் கேட்கும் உரிமை உண்டு என்று ஆகிவிடும்.

ஐம்பது லட்சம் பேருக்கு மேல் புதைத்த ஈரம் காய்வதற்குள் அவர்களுக்கு வந்த கவலை அது.

டீக்கடை பெஞ்சில் கேட்ட வசனம் இப்போது ஞாபகம் வருகிறதா? ‘ஜனங்களச் சோம்பேறி ஆக்கிப்புடுச்சு.’ நூற்றைம்பது வருஷமாக அந்த வசனம் வாய் மாறி வாய் மாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் நமக்கு மறந்துபோய்விட்டது.

•

நம் ஊரில் சோறு போட்டவர்களுக்குக் குறைவில்லை. 1867-ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. கும்பிட வேண்டிய அடுப்பு அது. ஆனால் எத்தனை பெரிய மனசாக இருந்தாலும், அதன் வாசலுக்கு நடந்து வர முடிந்தவருக்குத்தான் அதன் சோறு. நடக்கத் தெம்பில்லாமல் சேலத்துச் சாலையோரத்தில் விழுந்தவரிடம் தருமம் போய்ச் சேராது. இன்னொன்றும் உண்டு. கொடுக்கிறவருக்கு இன்றைக்கு மனசு வரும், நாளைக்கு வராமல் போகலாம். வராவிட்டால் அவரைக் கேள்வி கேட்க முடியாது. அரசாங்கத்தைக் கேட்கலாம். கேட்க முடியவேண்டும்.

2001-ல் அப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ராஜஸ்தானில் தொடர் வறட்சி. பட்டினி. நாட்டின் அரசுக் கிடங்குகளில் சுமார் 6 கோடி டன் தானியம். வைக்க இடமில்லாமல் வெளியே தார்ப்பாய் போட்டு மூடி, மழையில் நனைந்து புழுத்தது. சேலம் ரயிலடி மூட்டைகள் மறுபடியும்! இந்த முறை மூட்டைகள் நம்முடைய சொந்த அரசாங்கத்தின் மூட்டைகள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. சோறில்லாமல் உயிர் எப்படி வாழும்? இவ்வளவுதான் வழக்கு.

2001 நவம்பர் 28-ல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. ரேஷன், அங்கன்வாடி, மதிய உணவு எல்லாம் அரசாங்கம் நினைத்தால் தரலாம், நினைத்தால் நிறுத்தலாம் என்கிற சமாச்சாரம் இல்லை, அவை மக்களுக்குச் சேர வேண்டியவை என்றது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஆரம்ப வகுப்புக் குழந்தைகளுக்குச் சமைத்த சோறே போட வேண்டும்; குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்தில் 200 நாள் என்று கணக்கும் சொன்னது.

பல மாநிலங்கள் ‘எப்படிச் செய்வது?’ என்று திகைத்தபோது நமக்கு அது பழைய கதை. 1956-ல் காமராஜர், 1982-ல் எம்.ஜி.ஆர். அப்புறம் முட்டை. அந்த முட்டையின் கதையை நாமக்கல்லில் நின்று சொல்வதுதான் பொருத்தம்.

எதிரே தெரிந்த கொட்டகைகளைச் சொன்னேன் அல்லவா? நாமக்கல் வட்டாரத்தில் தினமும் கோடிக்கணக்கில் முட்டை. லாரி லாரியாக வெளியூர் போகிறது, கப்பலேறி வெளிநாடும் போகிறது. ஆனால் பண்ணைக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்ததால் மட்டும் ஒரு கூலிக்காரர் குழந்தையின் தட்டில் முட்டை வந்து விழுந்துவிடாது. சேலத்தில் ரயிலடிப் பக்கம் குடியிருந்ததால் தாது வருஷத்தில் யாருக்கும் அரிசி கிடைத்துவிடவில்லை, அதே மாதிரிதான். 1989-ல் கருணாநிதி ஆட்சியில் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும். கோழிகள் அதிகமானதால் மட்டும் முட்டை தட்டுக்கு வரவில்லை. கோட்டையில் யாரோ முடிவெடுத்தார்கள், அதனால் வந்தது. ஒருத்தர் கொடுத்ததை அடுத்தவர் நிறுத்த முடியாமல் போனது, ஓட்டுக்குப் பயந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயப்படட்டுமே! டெம்பிள் துரைக்கு சேலத்துக் கூலிக்காரனின் ஓட்டைப் பற்றிப் பயம் இல்லை. அதுதானே வித்தியாசம்!

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பஞ்ச கமிஷன் எதைக் கண்டு மிரண்டதோ, அதையே சட்டம் எழுதி வைத்தது. கிராமத்தில் 75 சதவிகிதம், நகரத்தில் 50 சதவிகிதம் பேர் வரை மலிவு தானியம் பெறச் சட்டப்படி உரிமை. தர முடியாமல் போனால் ஈடாகப் பணம் தர வேண்டும். புகார் கேட்க அதிகாரி இருக்க வேண்டும். தமிழ்நாடு 2016 நவம்பரில் இதை ஏற்றது. ஆனால், ‘யார் ஏழை என்று பட்டியல் போடு’ என்ற வழிக்குப் போகாமல், எல்லாருக்குமான ரேஷனை விடாமல் வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி கார்டுக்கு அரிசி விலையில்லாமலே வருகிறது. ஏழை என்று நிரூபித்துக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்ற பத்து மைல் நடை இங்கே இல்லை. இதன் அருமை வடக்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். 2017-ல் ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்தது. ஆதார் இணைக்கவில்லை என்று குடும்பத்தின் ரேஷன் கார்டை நீக்கியிருந்தார்கள். பட்டினி என்றார் தாய். மலேரியா என்றது அரசுத் தரப்பு. எது காரணம் என்பதில் சண்டை இருக்கலாம். அந்த வீட்டுக்கு அரிசி நின்றுபோனதில் சண்டை இல்லை.

•

‘எல்லாம் சரி, யார் வீட்டுப் பணம்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் எல்லார் வீட்டுப் பணமும்தான். பாட்டி வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. வரி கட்டுகிறவர், வாங்குகிறவர் என்று இரண்டு ஜாதி இங்கே இல்லை. வருமான வரி கட்டுகிற நமக்கு மட்டும்தான் அப்படி ஒரு நினைப்பு.

‘ரேஷன் அரிசியைக் கடத்துகிறார்களே?’ ஆமாம். இட்லி மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது என்று மூட்டை மூட்டையாகப் பிடிபடும் செய்தியை இந்த வட்டாரத்திலேயே படிக்கிறோம். திருட்டைப் பிடிக்க வேண்டும். அதற்காகக் கடையை மூடச் சொன்னால், பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் தூங்குகிறார் என்று பள்ளிக்கூடத்தையே பூட்டுவது மாதிரி.

கேட்க வேண்டிய கேள்வி வேறு இருக்கிறது. அரிசி மட்டும் சோறாகிவிடுமா? தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது, உடம்பு நிறையவில்லை. ராகிக் களியும் கம்பஞ்சோறும் தின்ற பூமி இது. 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுத்துப் பார்த்தார்கள். இன்னும் அதிகமாக, இன்னும் நல்லதாகத் தா என்று கேட்பதுதான் உரிமையின் வேலை. ‘ஓசி’ என்று சொல்லச் சொல்ல, அந்தக் கேள்வியைக் கேட்கும் வாயைத்தான் நாம் அடைக்கிறோம்.

அந்த விவசாயியைக் கெட்டவராக்கி முடிக்க எனக்கு விருப்பமில்லை. கிழங்கு விலை சரிந்தால் அவருக்கும் ராத்திரி தூக்கம் இல்லை. கூலி ஏறியது நிஜம், அவர் கை கடிப்பதும் நிஜம். அவர் சட்டைப் பையிலும் அரிசி கார்டு உண்டு. ‘வாங்கி மாட்டுக்கு ஊற வெச்சிருவேன் சார்’ என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவருக்கும் அரசாங்கம் கடன்பட்டிருக்கிறது: கட்டுப்படியாகும் விலை. அதை அவர் கோட்டையைப் பார்த்துக் கேட்க வேண்டும். கேட்பது கஷ்டம். எதிரே நிற்கும் வரிசையைப் பார்த்துக் கோபப்படுவது சுலபம். பசித்தவள் சொன்ன கூலிக்கு வருவாள் என்ற காலம் அவருக்கு லாபமாக இருந்திருக்கலாம். ஆனால் அடுத்தவர் பசியில் கிடைக்கும் லாபத்தை நியாயம் என்று எந்தத் தராசில் நிறுப்பது? நீங்களே சொல்லுங்கள்.

அரை மணி ஆகியிருந்தது. பாட்டி கிளம்புவதற்கு முன்னால் பையைப் பிரித்து அரிசியை ஒரு கை அள்ளிப் பார்த்தார். முகர்ந்தார். உள்ளங்கையில் வைத்து ஊதினார். வண்டு. கட்டி கட்டியாகப் பழுப்பு அரிசி.

“விடு ஆயா, ஓசில வந்ததுதான?” என்றார் டீக்கடைக்காரர்.

பாட்டி அவரை ஒரு பார்வை பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டார். ரோட்டைத் தாண்டி நேராகக் கடை ஜன்னலுக்குப் போனார். “இத மாத்திக் குடு கண்ணு” என்று அவர் சொன்ன குரல் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.

பிச்சை வாங்கியவர் யாரும் திரும்பிப் போய் மாற்றிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் ஏதோ சொல்ல, பாட்டி ஏதோ சொல்ல, வரிசையில் நின்றவர்களும் ஆளுக்கொன்று சொல்ல ஆரம்பித்தார்கள். அதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரோ வேறொரு மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.